திரும்பிக்கோம்மா

“பயோஸ் பாஸ்வேர்டை என்கிட்ட குடுத்துடுங்க சார்.”

கேட்டுவிட்டேன். எதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்களோ அதை. மேனேஜர் சரவணகுமார் சார் வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே நிறுத்தினார். பக்கத்தில் நின்றிருந்த பரத் தன் செல்போனுக்குள் தலையை இன்னும் கொஞ்சம் கவிழ்த்துக்கொண்டான். வெளியே சிப்காட் சாலையில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. கேபினின் கண்ணாடிக் கதவு அதிர்ந்து அடங்கியது.

“இன்னா கேட்ட?”

“பாஸ்வேர்டு சார். இன்ஸ்பெக்‌ஷன் ரூம் கம்ப்யூட்டரோடது. செட்டிங்க நானே உள்ள போயி மாத்தினாத்தான் சரியா வரும்.”

“அது ரோல்ல இருக்கறவங்களுக்குத்தாம்மா. ஒனக்குத் தெரியாதா இன்னா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ரோல் என்றால் கம்பெனியின் நேரடி ஆள். கழுத்தில் நீல நாடா. காண்ட்ராக்ட் என்றால் மஞ்சள் நாடா. கும்மிடிப்பூண்டியில் இந்த வார்ப்படத் தொழிற்சாலையில் யார் யாரிடம் எப்படிப் பேசுவது என்பதை நாடாவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நான் பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். என் அம்மா கன்னியம்மா இதே கம்பெனியில் தரை துடைக்கிறாள். மாப் போடுகிற அவளுக்கும் லினக்ஸ் போடுகிற எனக்கும் ஒரே காண்ட்ராக்டர், ஒரே மஞ்சள் நாடா. பரத் டிப்ளமோ. லினக்ஸ் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது, தெரியாது என்று அவனே சொல்வான், நல்ல பையன்தான். அவனுக்கு நீல நாடா. அவனுக்குப் பாஸ்வேர்டு தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சரவணகுமார் சார் சொன்னார், “எது வேணும்னாலும் என்கிட்ட தயங்காம கேளும்மா. நம்ம ஊரு பொண்ணு. பாஸ்வேர்டு மட்டும் கேக்காத. ஆடிட்ல மாட்டிக்குவோம்.” அதற்கு வெகுநாள் முன்பே அம்மா இதைச் சொல்லியிருந்தாள், வேறு சொற்களில். ஊத்துக்கோட்டை சாலையில் உள்ள சார் வீட்டு நிலத்தில் அம்மா நாற்று நட்டிருக்கிறாள், அவர்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டியிருக்கிறாள். “அந்த ஊட்ல பழைய பொடவ கேளு, ஒடம்பு சரியில்லன்னு லீவு கேளு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கோ. சாவிய மட்டும் கேக்காத. அவுங்களே கைல குட்தாலும் வாங்காத. நாளைக்கி ஒரு மூட்ட கொறஞ்சிதுன்னா ஒன் மூஞ்சியத்தான் மொதல்ல பாப்பாங்கோ.” எனக்கு இந்த வேலை கிடைத்ததே அம்மா போய் சாரின் தாயார் குணசுந்தரியிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றதால்தான். அதை அம்மா சொல்லிக்காட்ட மாட்டாள். சார் வாரம் ஒருமுறை சொல்லிக்காட்டுவார். அம்மாவைவிட அவர் பதினைந்து வயதாவது சின்னவர். “நம்ம கன்னியம்மா பொண்ணு” என்பார். அம்மா அவரைச் சின்ன நைனா என்பாள்.

இன்ஸ்பெக்‌ஷன் அறையில் இருப்பது ஒரு கேமரா மெஷின். வண்டி பிரேக்குக்குப் போகிற அலுமினிய வார்ப்புகள் ஒவ்வொன்றாக அதன் கீழே நகர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அது பிடிக்கும். அந்தக் கணக்கைப் போடுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. நான் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்த புதிதில் அதன் ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. மெஷினை விற்றவர்கள் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு போனை எடுக்கவில்லை. யாருக்காவது லினக்ஸ் தெரியுமா என்று சார் ஷாப்ஃப்ளோரில் கேட்டார். எஞ்சினியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன். கல்லூரியில் யாரும் தொடாத ஓட்டைக் கம்ப்யூட்டர்தான் எனக்கு ஒதுக்கப்பட்டது. அதில் விண்டோஸ் நகராது. அதனால் லினக்ஸ் போட்டேன். ஆசைப்பட்டுக் கற்கவில்லை.

உபுண்டு என்ற லினக்ஸ் ஏறுவதற்குச் சிரமமே இல்லை. அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. திரை கறுப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. உபுண்டுவோடு வரும் பொது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் சின்ன புரோகிராம், இந்தக் கார்டோடு ஒத்துப்போகவில்லை. அதை முடக்கி, வெறும் எழுத்துத் திரையில் ஏறி, கார்டுக்கு உரிய டிரைவரைத் தேடிப் போட்டால் அதன் பதிப்பு கேமரா புரோகிராமுக்குப் பிடிக்கவில்லை. கழற்றிவிட்டு இன்னொன்று. அது ஏறியது, ஆனால் வேலை செய்யவில்லை. பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் போர்டுக்குள் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறான், செக்யூர் பூட் என்று பெயர். கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ளே விடமாட்டான். நானே ஒரு கையெழுத்து உண்டாக்கிப் பதிந்து பார்த்தேன். பழைய போர்டு, அடுத்த முறை ஆன் செய்தபோது அதை மறந்துவிட்டிருந்தது. வேறு வழியில்லை. வாட்ச்மேனையே எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். அவன் இருப்பது பயோஸில், அதாவது லினக்ஸ் கண் விழிப்பதற்கு முன்னால் வரும் நீலப் பட்டியலில். அதற்குத்தான் பாஸ்வேர்டு.

அன்றுதான் முதல் தடவை.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, “திரும்பிக்கோம்மா” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “அந்தாண்ட, செவுத்துப் பக்கம்.”

திரும்பிக்கொண்டேன். பாஸ்வேர்டை அடித்ததும் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. உள்ளே இருக்கும் பட்டியலையும் நான் பார்க்கக் கூடாதாம். “நீ சொல்லும்மா, நான் அமுக்கறேன்.” அந்த போர்டின் படங்களை இணையத்தில் பார்த்துப் பட்டியலை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தேன். ரைட் ஆரோ சார். இன்னொரு ரைட்டு. செக்யூரிட்டின்னு வருதா. கீழ போங்க. என்ட்டர். டிசேபிள். இப்ப எஃப் டென். எனக்குப் பின்னால் அவர் ஒவ்வொரு பொத்தானையும் தேடித் தேடி அமுக்கினார். பள்ளிக்கூடத்தில் மாதிரி முட்டிபோட வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரை எழுந்தது. சரியான அளவில், கூர்மையாக. கார்டின் பெயரும் அதன் சூடும் கறுப்புத் திரையில் கட்டம் கட்டி வந்தன. கேமரா புரோகிராம் திறந்தது. முதல் வார்ப்பு கீழே நகர்ந்தபோது, வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் மெஷின் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு போட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சார் ஹெட் ஆஃபீசுக்குப் போன் செய்து, “நம்ம டீமே பண்ணிட்சி சார்” என்றார். வைத்துவிட்டு என்னிடம், “அடுத்த ரோல் லிஸ்ட்ல ஒன் பேருதான் மொதல்ல” என்றார். நம்பினேன். ரோலில் ஏறினால் அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். முழங்கால் வீங்கிப்போய் மாப் பிடித்து நடக்கிறாள். எனக்கு அதில் இருந்தது இந்த ஒரு ஆசைதான்.

அதற்குப் பிறகு பயோஸுக்குள் போக வேண்டிய ஒவ்வொரு தடவையும் திரும்பிக்கோம்மா. பரத் அங்கேயே நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவனைத் திரும்பச் சொல்வதில்லை. சுவரில் என் கண் உயரத்துக்கு பாதுகாப்புக் கொள்கை என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ‘இந்நிறுவனம் அனைத்துப் பணியாளர்களையும் சமமாக மதித்து’ என்று தொடங்கும். எனக்கு அது முழுக்க மனப்பாடம்.

அந்தக் கண்ணாடியில் அவர் கை தெரியும்.

பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. குழல் விளக்கு சரியாகக் கீபோர்டுக்கு மேலே எரிந்தது. இடம் வலமாக மாறித்தான் தெரியும். ஆனால் மெதுவாக ஒற்றை விரலில் அடிக்கிற ஆள். பாஸ்வேர்டு அவருடைய மகள் கல்பனாவின் பெயர், பின்னால் ஒரு வருஷம். தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஒருமுறைகூட நான் அதை அடித்ததில்லை. தெரிந்துவைத்திருப்பது வேறு, கொடுப்பது வேறு. எனக்குக் கொடுக்க வேண்டும். அவர் வாயால்.

போன வாரம், கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஆன் ஆகவேண்டும் என்று ஒரு செட்டிங்கை மாற்றச் சொன்னார். சுவரைப் பார்த்து நின்று சொன்னேன். நடுவில் அவருக்குப் போன் வந்தது. தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசினார். கண்ணாடியில் அவர் விரல் மேல் வரிசையில் அலைந்தது. எஃப் டென் அமுக்கச் சொன்னேன். அவர் அதற்கு முன்னால் பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் அமுக்கினார் என்று தோன்றியது. “சார், வேற எதுனா அமுக்கினீங்களா?” “இல்லம்மா, நீ சொன்னதத்தான்.” நான் மேலே கேட்கவில்லை. அது எஃப் நைன். எல்லா செட்டிங்கையும் கம்ப்யூட்டர் புதிதாக வந்தபோது இருந்த நிலைக்குத் திருப்பிவிடும். வாட்ச்மேன் மறுபடி வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை திரை வீங்கிய எழுத்துகளோடு எழுந்தது. கார்டு இல்லை என்றது புரோகிராம். லோடு நிற்கக் கூடாது என்று அந்த ஷிஃப்டின் வார்ப்புகளைக் கண்ணால் பார்த்தே அனுப்பிவிட்டார்கள். அதில் விரிசல் விட்டவை கஸ்டமரின் கையில் சிக்கின. செக்யூர் பூட் ஆன் என்று காட்டும் வரியை நான் சாரிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இத்தயெல்லாம் நீதான டைப் பண்ற. எனக்கு இன்னா தெரியும்?” சாயங்காலத்துக்குள் ஷாப்ஃப்ளோர் முழுக்கச் செய்தி போய்விட்டது. அந்தக் காண்ட்ராக்ட் பொண்ணு போட்ட லினக்ஸ் புட்டுக்கிச்சாம்.

இன்று கஸ்டமர் நேரில் வருகிறார். நேற்றே சொல்லிவைத்திருந்ததைக் காலையில் கேபினுக்குக் கூப்பிட்டு சார் மறுபடி சொன்னார். “ஒண்ணும் பெருசா வேணாம். அவுங்க முன்னாடி ஒரு சாரி சொல்லிடு. கவனக்குறைவு, இனிமே நடக்காதுன்னு. நான் பாத்துக்கறேன். லிஸ்ட்ல ஒன் பேரு அப்படியேதான் இருக்கு.”

அதற்குப் பதிலாகத்தான் பாஸ்வேர்டைக் கேட்டேன். நானே சரி செய்கிறேன், எது எப்படி மாறியிருந்தது என்று அவர்களுக்கே காட்டுகிறேன் என்றேன்.

“பிரின்சி,” என்றார் சார். டம்ளரை வைத்துவிட்டார். “படிச்ச பொண்ணு. புரிஞ்சிக்கோ. பாஸ்வேர்டு குடுத்தா நாளைக்கி எது நடந்தாலும் ஒம்மேலதான் வரும். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“இப்பவும் எம்மேலதான சார் வந்திருக்கு.”

பரத் இருமினான். சார் எழுந்து கதவைத் திறந்தார். “வா. ரூமுக்குப் போலாம். அவுங்க பொன்னேரி தாண்டிட்டாங்களாம்.”

நடைபாதையில் அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் மாப்பை ஓரமாக இழுத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். ஈரத்தின் நடுவில் அவர் ஷூ தடம் பதிந்துகொண்டே போனது. நான் எப்போதும்போல ஓரமாக நடந்தேன். அம்மா துடைத்த இடம் ஆயிற்றே. காலையில் ரயிலில் அவள் கேட்டிருந்தாள், “சாரிதான, சொல்லேன். நான் சொல்லாத சாரியா? ஒரு நாளைக்கி நூறு வாட்டி சொல்றேன், நாக்கு தேஞ்சா போச்சி?” நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். அனுப்பம்பட்டு போனது. அவள் நாஷ்டா டப்பாவை என் மடியில் வைத்தாள்.

பரத் என் பக்கத்தில் நடந்தபடி முணுமுணுத்தான். “எதுக்கு ஒனக்கு இந்த பேஜாரு? நான் வாரத்துக்கு ரெண்டு சாரி சொல்றேன், எதுக்குன்னுகூட கேக்கறதில்ல. சொல்லிட்டு போயினே இரு.”

“ஒன்ன திரும்பி நிக்க வெச்சிருக்காரா?”

அவன் செல்போனை எடுத்தான். பாவம், அவன் அதை அப்படி யோசித்தே பார்த்திருக்கமாட்டான்.

அறையில் சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தார். பாஸ்வேர்டு கேட்கும் சின்னக் கட்டம் வந்தது.

“திரும்பிக்கோம்மா.”

நான் நின்றேன்.

“பிரின்சி. டைம் இல்ல.”

திரும்பினேன். இதற்காக என்னை நானே திட்டிக்கொண்டதுண்டு, ஆனால் அந்த நேரத்தில் உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. அதற்குப் பழக்கமாகியிருந்தது. கண்ணாடியில் அவர் விரல் கல்பனாவின் பெயரைத் தேடித் தேடி அடித்தது. பட்டியல் திறந்தது. ரைட் ஆரோ என்றேன். அவர் லெஃப்ட் போனார். வெளியேறும் பட்டியலுக்கு வந்துவிட்டார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பதறினார். விரல் மேல் வரிசைக்குப் போனது.

“எஃப் நைன் அமுக்காதீங்க சார்,” என்றேன் சுவரைப் பார்த்துக்கொண்டே. “போன வாரமும் அத்தத்தான் அமுக்கினீங்க.”

கண்ணாடியில் அந்த விரல் நின்றது.

“ஒனக்கு எப்டித் தெரியும்?”

“கண்ணாடியில தெரியுது சார்.”

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். குனிந்து, தன் முகத்தை என் முக உயரத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியில் கீபோர்டைப் பார்த்தார். அவர் மூச்சில் டீ வாசம் அடித்தது. எஃப் நைன் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மறந்துட்டேம்மா என்று சொன்னால்கூடப் போதும் என்று இருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு நான் சாரி சொல்லியிருப்பேன், அம்மாவின் முழங்காலுக்காக. சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

“அப்போ இத்தன நாளா பாஸ்வேர்டைத் திருடிக்கினு இருந்திருக்க,” என்றார்.

“ஒரு நாளும் போட்டதில்ல சார். தெரிஞ்சிருந்தும்தான் ஒங்ககிட்ட கேட்டேன்.”

“போட்டியோ இல்லியோ, யாருக்குத் தெரியும்?” பரத்தைப் பார்த்தார். பரத் தரையைப் பார்த்தான். சார் குரல் மறுபடி தணிந்தது, அந்தச் சிரிப்பும் திரும்பி வந்தது. “சரி வுடு. கன்னியம்மா மூஞ்சிக்காகப் பாக்கறேன். இத்த நான் யார்கிட்டயும் சொல்லல. நீ அவுங்ககிட்ட ஒரு சாரி சொல்லு. சரியாப் போச்சி.”

பிறகு அவர் இரண்டு கையாலும் அந்தச் சட்டத்தைப் பிடித்து ஆணியிலிருந்து தூக்கினார். பாதுகாப்புக் கொள்கையைக் கீழே, சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார். கையில் ஒட்டிய தூசியைப் பேண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

“ம். இப்ப திரும்பிக்கோ.”

சட்டம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் புகை படிந்து பழுப்பேறிய சுவரில், கண் உயரத்தில், சுத்தமான ஒரு வெள்ளைச் சதுரம். நடுவில் ஆணி. அதைப் பார்த்துக்கொண்டு நான் இன்னும் எத்தனை வருஷம் ஒப்பிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். நீல நாடா போட்ட பிறகும் இந்தச் சதுரம் இங்கேயேதான் இருக்கும். அவ்வளவு தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை.

“எங்க இருந்தோம்? ரைட்டா லெஃப்டா?” என்றார் பின்னாலிருந்து. ஒரு பொத்தானை அமுக்கும் சத்தம். இன்னொன்று. “சொல்லும்மா. அடுத்து இன்னா?”

மேஜை மேலிருந்த என் நாஷ்டா டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

“பிரின்சி. சாரிதான சொல்லச் சொன்னேன். சரி, அத்த அப்பறம் பாத்துக்கலாம். அடுத்து இன்னான்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

கதவைத் திறந்தேன். பரத் வழிவிட்டு நகர்ந்தான். அவன் நாற்காலியின் சக்கரம் கிறீச்சென்றது.

நடைபாதையின் நடுவில் அம்மா வாளியோடு நின்றிருந்தாள். கதவுக்கு அருகிலேயே இருந்ததால் கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“சாவிய கேட்டியா?”

“கேட்டேன்.”

“குட்தாரா?”

“திருடின்னாரு.”

அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாப்பை வாளியில் முக்கினாள், பிழிந்தாள், மறுபடி முக்கினாள். நான் இப்போது வெளியே போனால் நாளைக்கு அவளுக்கு உள்ளே இடம் இருக்குமா என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகாதே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். ஓரமா போ என்றாவது சொல்வாள் என்று. அவள் குனிந்து, வழியை அடைத்துக்கொண்டிருந்த வாளியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவர் ஓரமாக வைத்தாள்.

நடுவில் நடந்தேன். செருப்பு ஈரத்தில் சப்புச் சப்பென்று ஒட்டி எழுந்தது. பின்னால் அறையிலிருந்து சாரின் குரல், இப்போது பரத்திடம், ரைட்டாடா, லெஃப்டாடா என்று கேட்டது. வாசலில் வெள்ளை இன்னோவா ஒன்று வந்து நின்றது, கதவுகள் திறந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் தடத்தின் மேல் மாப் உரசும் சத்தம் வருகிறதா என்று மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டே போனேன். கேட்வரை வரவில்லை.